மின்விசிறி முதல் புளோயர் வரை: கடைக்கும் கிடங்குக்கும் எது எதற்கு?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, அவலூர்பேட்டை சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் இளைய உறுப்பினர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, கிடங்குக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டும் வெல்லம் கசியுது. இன்னும் பெரிய ஃபேனா போட்டுடலாமா?" என்று கேட்டார். நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்து அல்ல. இதே கேள்வியை 2015ஆம் ஆண்டு நாமும் கேட்டு, பெரிய ஃபேனாகவே போட்டு, நாற்பது மூட்டைக்கு மேல் மணிலாப் பருப்பைப் பூசணத்துக்குக் கொடுத்தவர்கள். ஆகவே காற்றைத் தள்ளும் இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன, எதை எங்கே போட வேண்டும் என்பதைப் பற்றி நாம் பட்டுத் தெரிந்து கொண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் தலைக்கு மேல் சுற்றுவதை எடுத்துக் கொள்வோம். சீலிங் ஃபேன் காற்றைக் குளிர வைக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது காற்றைத் துளியும் குளிர வைப்பதில்லை. மோட்டாரின் சூடு சேர்ந்து அறை சற்று வெப்பமாகத்தான் ஆகும். நம் உடம்பின் வியர்வை மேல் காற்று ஓடும்போது வியர்வை உலர்கிறது. அப்படி உலரும்போது உடம்பின் சூட்டை எடுத்துக் கொண்டு போகிறது. அதனால் நமக்குக் குளிர்ச்சி. வியர்வை இல்லாத அரிசி மூட்டைக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது. கடையில் ஆள் இல்லாதபோது சரக்குக்காக ஃபேன் ஓடட்டும் என்று விட்டுச் செல்வது மின்சாரத்தை வீணாக்குவது தவிர வேறில்லை.

சீலிங் ஃபேனின் இறக்கை சற்றுச் சாய்ந்திருக்கும். சுற்றும்போது அந்தச் சாய்வு, மேலே உள்ள காற்றை வெட்டிக் கீழே தள்ளுகிறது. டேபிள் ஃபேன், பெடஸ்டல் ஃபேன், சுவரில் பதிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாமே இந்த ஒரே சாதிதான். காற்று ஒரு பக்கம் நுழைந்து, அச்சின் வழியே நேராக மறுபக்கம் வெளியேறும். இந்தச் சாதியின் குணம், நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் அழுத்தம் இருக்காது. எதிரே ஏதாவது தடுத்தால் மூச்சு நின்றுவிடும். சீலிங் ஃபேனைக் கூரையோடு ஒட்டி மாட்டினால் காற்று வராததற்கும் இதுவே காரணம். மேலே காற்று எடுக்க இடம் வேண்டும். இறக்கைக்கும் கூரைக்கும் ஓர் அடியாவது விட்டு, இறக்கை தரையிலிருந்து எட்டு அடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மூட்டை தூக்கும் தொழிலாளர் நிமிர்ந்து நடக்கும் இடத்தில் இன்னும் உயரமாகவே இருக்கட்டும்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் உடனே புதிது வாங்க வேண்டாம். பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். வீட்டு மின்சாரம் ஒற்றை ஃபேஸ். அதை வைத்து மோட்டாரைத் தானாகக் கிளப்ப முடியாது. உள்ளே இருக்கும் இரண்டாவது காயிலுக்குக் கண்டென்சர் வழியாக மின்சாரம் சற்று முன்பின்னாகப் போய்ச் சேருவதால்தான் சுழற்சி பிறக்கிறது. கண்டென்சர் நலிந்தால் வேகம் நலியும். மாற்றுவதற்குச் சொற்பச் செலவே ஆகும். இறக்கையின் முன் விளிம்பில் படியும் மாவும் தூசியும்கூடக் காற்றைக் குறைக்கும். மளிகைக் கடையில் இது மற்ற கடைகளை விட வேகமாகப் படியும்.

இனி புளோயர். இதுதான் நம் மாவட்டத்துக்குச் சொந்தமான விஷயம். ஆரணி அரிசி ஆலைகளிலும், மணிலா உடைக்கும் மெஷின்களிலும் இது இல்லாமல் ஒரு மூட்டையும் நகராது. ஈரத் துணியைத் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் நீர் சுற்றிலும் தெறிக்கிறதல்லவா? புளோயரும் அப்படித்தான். நத்தைக் கூடு போன்ற இரும்பு உறைக்குள் சக்கரம் ஒன்று சுற்றும். காற்று சக்கரத்தின் நடுவில் நுழைந்து, இறக்கைகளால் வெளிப்பக்கம் வீசப்பட்டு, உறையின் வளைவில் சேர்ந்து ஒரே வாயால் வெளிவரும். எக்ஸாஸ்ட் ஃபேனை விடக் காற்றின் அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் அழுத்தம் அதிகம். குழாய், வளைவு, தூசிப் பை என்று எத்தனை தடை இருந்தாலும் தள்ளிக் கொண்டு போகும். கொல்லர் உலையில் கையால் சுற்றும் ஊதி இதன் சின்னத் தம்பி. அதற்கு முன்னிருந்த துருத்தி வேறு வகை. அது காற்றைப் பிடித்து அடைத்து அமுக்கித் தள்ளும். அதே அடைத்துத் தள்ளும் முறையில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தழுவிச் சுற்றும் ரூட்ஸ் புளோயரை அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை செய்தனர். இன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீருக்குள் காற்றை ஊதுவதற்கு அது பயன்படுகிறது. நமக்கு அதனால் வேலை இல்லை.

புளோயர் சக்கரத்தின் இறக்கையிலும் மூன்று விதம் உண்டு. சுற்றும் திசைப் பக்கமே வளைந்த சிறு சிறு பட்டைகள் கூண்டு போல இருந்தால் சத்தம் குறைவு, பெரிய ஏ.சி.களிலும் புளோயர் வைத்த ஏர் கூலரிலும் பார்க்கலாம். பின்பக்கம் சாய்ந்தவை மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும், ஆனால் சுத்தமான காற்றுக்குத்தான் சரி. உமியும் தூசியும் சக்கரத்தின் ஊடாகவே போகும் இடத்தில் நேரான தடித்த இறக்கைதான் தாங்கும். ஆலைக்காரர் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று கூண்டுச் சக்கரம் வாங்கி உமிக்குப் போட்டால் இரண்டே நாளில் அடைத்துக் கொள்ளும்.

மணிலா மெஷினில் நடப்பது களத்தில் தூற்றுவதேதான். உடைந்த பருப்பும் தோலும் சல்லடை வழியே விழும்போது குறுக்கே காற்று அடிக்கிறது. எடை குறைந்த தோல் பறந்து போகும், பருப்பு நேராக விழும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் முன்னோர். புளோயர் வந்த பிறகு நடுநிசியிலும் தூற்றலாம். ஆனால் காற்றின் அளவு சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் பருப்பில் தோல் கிடக்கும், மண்டியில் விலை இறங்கும். கூடினால் சுருங்கிய பருப்பெல்லாம் தோலோடு போய்விடும், அது உங்கள் பணம். புளோயர் காற்றை உறிஞ்சும் வாயில் இருக்கும் தகடுதான் இதைச் சரிசெய்யும் இடம். பலர் அதைத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, காற்று போதவில்லை என்றதும் புல்லியை மாற்றுகிறார்கள். இங்கே ஒரு கணக்கு. வேகத்தைக் கூட்டினால் காற்று அதே விகிதத்தில் கூடும்; ஆனால் மோட்டார் இழுக்கும் சக்தி அந்த விகிதத்தை மூன்று முறை பெருக்கியதாகக் கூடும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் 5 எச்.பி. இழுத்த புளோயர் எட்டரை எச்.பி. இழுக்கும். காயில் கருகாமல் என்ன செய்யும்? நமக்குப் பருப்பு அனுப்பும் ஆலை ஒன்றில் அறுவடை நேரத்தில் இப்படி மோட்டார் போய் ஒரு வாரம் ஆலை நின்றது.

இன்னொரு ஆலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லைன் வேலை முடிந்து மின்சாரம் வந்த மறுநாள் முதல் புளோயரில் காற்று பாதியாகிவிட்டது. மெக்கானிக் வந்தார், பேரிங் மாற்றினார், பெல்ட் மாற்றினார், பணம் வாங்கிக் கொண்டு போனார். காற்று வரவில்லை. கடைசியில் பார்த்தால் மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறி, சக்கரம் தலைகீழாகச் சுற்றிக் கொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்று உள்ளே அடிக்கும், உடனே தெரிந்துவிடும். புளோயர் அப்படியல்ல. எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்று அதே வாயில்தான் வரும், ஆனால் வெகு குறைவாக வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உறையின் மேல் சுற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறியைச் சிவப்புப் பெயிண்டில் போட்டு வையுங்கள்.

இப்போது நம் கிடங்குக்கு வருவோம். 2015 கார்த்திகை மழை வட தமிழ்நாட்டில் எப்படிப் பெய்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீபத்துக்கு வந்த கூட்டத்தில் கடையில் வியாபாரம் பார்த்துக் கொண்டு, கிடங்கில் ஈரம் சேரக் கூடாதே என்று புதிதாகப் போட்ட பெரிய எக்ஸாஸ்டை இரவு பகலாக ஓட விட்டோம். பத்து நாள் கழித்துத் திறந்தால் வெல்லம் ஒழுகியிருந்தது, பருப்பு மூட்டையில் பச்சைப் பூசணம்.

இரண்டு தவறு செய்திருந்தோம். ஃபேனைக் கதவுக்கு நேர் மேலே மாட்டியது முதல் தவறு. காற்று எப்போதும் கிட்டத்து வழியையே பார்க்கும். கதவு இடுக்கில் நுழைந்த காற்று அப்படியே மேலே ஏறி ஃபேன் வழியாக வெளியேறியது. பின் சுவர் மூட்டைகளை அது தொடவே இல்லை. ஃபேன் ஒரு சுவரில் உயரத்தில் இருந்தால், காற்று நுழையும் வழி எதிர்ச் சுவரில் தாழ்வாக இருக்க வேண்டும், ஃபேன் வாயை விடச் சிறியதாக இருக்கக் கூடாது. வழியை அடைத்துவிட்டு எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அது சும்மா சுற்றி மோட்டாரைச் சுட வைக்கும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஈரத்தை வெளியேற்றுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, வெளியே இருக்கும் காற்றை உள்ளே கொண்டுவருகிறது. அடைமழையில் வெளிக்காற்று உள்காற்றை விட ஈரம். வெல்லம், உப்பு, மணிலாப் பருப்பு, மிளகாய் எல்லாமே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. இரவு பகலாக நாமே காசு கொடுத்து ஈரத்தை இறக்குமதி செய்திருக்கிறோம்! மழை நாளில் ஃபேனை நிறுத்திக் கதவையும் சன்னலையும் மூடி வைக்க வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் முற்பகல் பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை ஓட்ட வேண்டும். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கட்டைகள் மேல் அடுக்கினால்தான் அந்தக் காற்றுக்கும் பயன் உண்டு. கூரை மேல் மின்சாரம் இல்லாமல் சுற்றும் உருண்டை வென்டிலேட்டர் சூட்டை எடுக்க நல்லதுதான். ஆனால் மழைக் காலத்தில் அதை நிறுத்த சுவிட்ச் கிடையாது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பருப்புப் பூசணத்தை லேசாக நினைக்க வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் கலந்திருந்த மணிலாப் பிண்ணாக்கின் பூசண நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்று இன்று ஏற்றுமதிக்காரர்கள் பயப்படுவது அதைத்தான். அந்த மூட்டைகளை வெயிலில் காய வைத்து எண்ணெய்க்குத் தள்ளிவிடலாம் என்று நமக்கு யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். காய்ந்தாலும் நஞ்சு போகாது. குழி வெட்டிப் புதைத்தோம். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏர் கூலர் பற்றியும் அந்த இளைய உறுப்பினர் கேட்டார். சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலை வெயிலுக்குக் கல்லாவில் உட்காருபவருக்குக் கூலர் சுகம்தான், காற்று காய்ந்திருப்பதால் நன்றாகக் குளிரும். ஆனால் அது ஈரக் காற்றையே ஊதுகிறது. சர்க்கரை, உப்பு, அப்பளம் இருக்கும் பக்கம் அதன் முகத்தைத் திருப்பக் கூடாது. ஐப்பசியில் அதற்கு வேலையே இல்லை.

மின் கட்டணத்தையும் பார்த்துவிடலாம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. மாதம் 11 யூனிட்டுக்குள். அதன் சுழலும் பாகத்தில் காந்தமே பதிக்கப்பட்டிருப்பதால், காந்த சக்தியை உண்டாக்க மின்சாரம் வீணாவதில்லை. நாலு ஃபேன் உள்ள கடையில் மாதம் அறுபது யூனிட்டுக்கு மேல் மிச்சம். உங்கள் கட்டணத்தில் பெருக்கிப் பார்த்துக் கொள்ளுங்கள். அதைப் பழைய ரெகுலேட்டர் வழியாகக் கொடுக்காமல் நேரடியாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கனமான பழைய ரெகுலேட்டரோ, வேகத்தைக் குறைத்தாலும் மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும் சாமான். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

ஓட்டல், பலகாரக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒன்று. காலையில் கடை திறக்கும்போது கேஸ் வாடை அடித்தால், வாடை போகட்டும் என்று எக்ஸாஸ்ட் சுவிட்சைப் போடாதீர்கள். சுவிட்சிலும் மோட்டாரிலும் எழும் ஒரு பொறி போதும். எந்த சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புங்கள். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு படுத்திருக்கும். கதவு வழியாகத்தான் அது வெளியேற வேண்டும்.

நமது கிடங்கில் இப்போது பின் சுவரில் தாழ்வாக வழி வெட்டி, எலி நுழையாமல் கம்பி வலை அடித்து, மழைக்கு மூட மரப் பலகை போட்டிருக்கிறோம். ஃபேன் அதே பழைய 12 அங்குல ஃபேன்தான். பெரியதைக் கழற்றி விற்றுவிட்டோம். அவலூர்பேட்டை சாலை உறுப்பினர் ஐப்பசி பிறக்கும் முன் கொத்தனாரைக் கூட்டிக் கொண்டு வந்து அளவு எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு எவருக்கும் பார்க்க வேண்டுமானால் அமாவாசை, பௌர்ணமி தவிர்த்து எந்தப் பிற்பகலும் வரலாம்.