எளியோருக்கு வாக்களிக்கப்பட்ட இரு கார்கள்

மோட்டார் வண்டி செல்வந்தர் வீட்டு முற்றத்தில் மட்டுமே நின்ற காலம் ஒன்று இருந்தது. அதனைச் சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கும் கொண்டு வருவோம் என்று இரு நாடுகளில் வாக்களிக்கப்பட்டது. 1908-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ ஒன்று. 1938-இல் ஜெர்மனியில் அறிவிக்கப்பட்டு, பிற்காலத்தில் ‘பீட்டில்’ எனப் பெயர் பெற்ற வோக்ஸ்வேகன் மற்றொன்று.

பொறிநுட்பத்தில் பின்னதே மேலானது என்பதில் ஐயமில்லை. மாடல் டி-யில் இருக்கைக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே வழிந்து எஞ்சினுக்குச் செல்லும். ஆகவே, பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் வண்டியைப் பின்புறமாகவே ஏற்ற வேண்டியிருந்தது! ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த பீட்டிலிலோ, எஞ்சின் பின்புறத்தில் அமைந்து காற்றினாலேயே குளிர்ந்தது. கொதிப்பதற்கோ பனியில் உறைவதற்கோ அதில் தண்ணீரே இல்லை.

ஆனால் வாக்குறுதி என்ன ஆயிற்று?

ஹென்றி ஃபோர்டு 1913-இல் நகரும் தொகுப்பு வரிசையை அமைத்தார். ஏறத்தாழ 12½ மணி நேரம் பிடித்த அடிச்சட்டப் பொருத்தம், 1 மணி 33 நிமிடத்தில் முடியலாயிற்று. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, 1925-இல் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1914-இல் நாட்கூலி 5 டாலராக உயர்த்தப்பட்டது. அக்கூலிக்குத் தகுதியுடையவரா என்றறிய, தொழிலாளர் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என விசாரித்தார்கள். முதலாளி அடுப்படி வரை எட்டிப் பார்ப்பது முறைதானா? எனினும், தன் கையால் செய்த காரைத் தொழிலாளி வாங்க முடிந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன.

ஜெர்மனியில் நடந்ததோ வேறு. ஹிட்லரின் அரசு 990 மார்க் விலை குறித்து, வாரந்தோறும் 5 மார்க் முத்திரை வாங்கிச் சேமிப்புப் புத்தகத்தில் ஒட்டச் சொன்னது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நம்பி ஒட்டினர். 1939-இல் போர் மூண்டது. தொழிற்சாலை படை வண்டிகளைச் செய்தது. பிற நாட்டினர் அங்கே கட்டாய உழைப்புக்கு உள்ளாக்கப்பட்டனர். முத்திரை ஒட்டியவருள் ஒருவருக்கேனும் கார் கிடைக்கவில்லை.

போருக்குப் பின் பிரிட்டிஷ் படை அதிகாரி ஐவன் ஹர்ஸ்ட் அத்தொழிற்சாலைக்கு உயிரூட்டினார். 1972 பிப்ரவரியில் பீட்டில், மாடல் டி-யின் எண்ணிக்கையை முந்தியது. 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவந்தபோது மொத்தம் 2 கோடியே 15 லட்சத்தைக் கடந்திருந்தது.

அந்தச் சேமிப்புப் புத்தகங்களோ நீதிமன்றத்தில் கிடந்தன. 1961-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது: முழுத் தொகை செலுத்தியவர் புதிய கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி, வேண்டாமெனில் ரொக்கமாக 100 மார்க்.