பெண்ணைக் கரையிலிருந்து ஒகேனக்கல்லுக்கு

பெண்ணையும் காவிரியும் கன்னட நாட்டில் பிறந்த நதிகளே. முன்னது நந்தி மலையில் தோன்றி, சாத்தனூர் அணையைத் தாண்டி, திருக்கோவலூரையும் எங்கள் முகையூர்ப் பகுதியையும் தொட்டுக்கொண்டு கடலூரருகே கடலைச் சேர்கின்றது. பின்னது குடகிலே பிறந்து, தமிழகத்தில் அடியெடுத்து வைக்கும் வாயிலிலேயே கரும்பாறைகளிடையே பல கிளைகளாகப் பிரிந்து வீழ்கின்றது. அவ்விடமே ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. நீர்த்திவலைகள் புகைபோல் எழுவதால் வந்த பெயர்.

எங்கள் பெண்ணை ஆண்டில் பெரும்பகுதி மணலையே காட்டுவாள். காட்டாத நாளில் என்ன செய்வாள் என்பதை 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது விழுப்புரம் ஜில்லா முழுவதும் அறிந்தது. சாத்தனூரிலிருந்து லட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறக்கப்பட்டு, கரையோர ஊர்கள் நீரில் மிதந்தன. அதற்குப் பின்னர் எம் மனைவியார் ஒருநாள், "ஏங்க, நிறைந்த ஆற்றைப் பயமில்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும்" என்றார். நியாயமான ஆசை. ஆவணியில் ஒரு சனிக்கிழமை விடியுமுன் காரில் புறப்பட்டோம்.

திருக்கோவலூர், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என்று போகிறது பாதை. ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் இடையே அனுமன்தீர்த்தத்தில் மீண்டும் பெண்ணையைச் சந்திக்கிறோம். பிறகு தர்மபுரி. அங்கிருந்து பென்னாகரம் போகிறவர்கள் பாப்பாரப்பட்டி வழியாகவும் செல்லலாம். 1925-ல் சுப்பிரமணிய சிவா உயிர் நீத்த ஊர் அது. சிறையிலே பெற்ற குஷ்டரோகத்தைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாதென்று சர்க்கார் தடுத்தபோது, மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசிய மனிதர் அவர். மெத்தை வைத்த ஆசனத்தில் சாய்ந்துகொண்டு அவ்வூரைக் கடப்பதற்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

பென்னாகரத்தில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். கடைக்காரப் பெரியவரின் பற்களில் பழுப்பு நிறக் கறை. ஆசிரியத் தொழிலில் இருப்போர், 'பல் துலக்கவில்லையா?' என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளத் தோன்றும் கறை இது. துலக்கினால் போகாது. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பிஞ்சு வயதிலேயே பல்லில் படிவது. அளவு மீறினால் எலும்பையும் மூட்டையும் முடக்குவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. கூப்பிடு தூரத்தில் காவிரி ஓட, தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நஞ்சைக் குடித்தார்கள் இந்த ஜில்லாவாசிகள்! ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் திறக்கப்பட்டது. அருவியைப் பார்த்து வியக்கும் நம் போன்றோர் அந்தக் குழாய்களையும் ஒரு பார்வை பார்த்து வருவது தகும்.

பென்னாகரத்துக்கப்பால் பாதை காட்டினூடே வளைந்து வளைந்து இறங்குகிறது. யானைகள் குறுக்கிடும் இடம், மெல்லத்தான் போகவேண்டும். குரங்குகளோ நம்மைக் கேளாமலே தின்பண்டப் பையில் பங்கு எடுத்துக்கொள்ளும்.

நாம் சேர்ந்த அன்று வெள்ளம் ஏறியிருந்தமையால் குளிக்கவும் பரிசல் விடவும் தடை. கரையில் பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றினருகே குந்தியிருந்த முதிய பரிசற்காரர் ஒருவரிடம் எம் மனைவியார், "தண்ணீர் இவ்வளவு வந்தது சந்தோஷந்தானே, ஐயா?" என்றார்.

"தஞ்சாவூருக்குச் சந்தோஷம், அம்மா. எங்கள் அடுப்புக்கு இல்லை. தண்ணீர் குறைந்தால் பாறை தட்டும், மிகுந்தால் தடை. நடுவாந்தரமாக ஓடும் நாள்தான் எங்களுக்கு நாள்" என்றார் அவர்.

இந்த நடுவாந்தரம் அவர் கையில் இல்லை. மேலே பிலிகுண்டுலுவில் நீரை அளக்கிறார்கள், ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அங்கே வந்து சேரவேண்டுமென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் விதித்தது. கீழே 1934 முதல் மேட்டூர் அணை காத்திருக்கிறது. கர்நாடக மலைகளில் பெய்யும் மழைக்கும் டெல்டாவின் நாற்றங்காலுக்கும் நடுவே ஒரு மூங்கில் வட்டிலை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்கள் இவர்கள்.

இரவு அங்கேயே தங்கினோம். காலையில் நீர் சற்று வடிந்து தடை நீங்கிற்று. அதே பெரியவரைத் தேடிப் பிடித்தோம். பரிசல் என்பது மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாக முடைந்த கூடை. முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரே துடுப்பால் நீரை இழுத்துத் திசை பிடிக்கவேண்டும். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, எடை ஒருபக்கம் சாயாதபடி எதிரெதிரே அமர்ந்தோம்.

இருபுறமும் பாறைச் சுவர்கள். நடுவே பச்சை நீர். அருவிகள் விழும் இடத்தை நெருங்கியதும் பேச்சுக் கேட்கவில்லை; முகமெல்லாம் சாரல். பெரியவர் துடுப்பை ஒரு திருப்புத் திருப்பவே பரிசல் குயவன் சக்கரம்போல் சுழன்றது. எம் மனைவியார் விளிம்பைப் பற்றிய கையை எடுத்து நீரில் விட்டார். பயம் போயிற்றா என்று கேட்டோம். "பாதி" என்றார்.

இறங்கியபின் பேசிய கூலிக்கு மேல் சிறிது கொடுத்தார். பெரியவர் மறுக்காமல் வாங்கி மடியில் செருகிக்கொண்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கியபடி அடுத்த சவாரிக்காக மணலில் நடக்கலானார்.