மாணவர் திரும்பிய பின் தொடங்கும் தொண்டு

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் நெருங்கும்போது, தொண்டூழியப் பயணம் செல்லவிருக்கும் மாணவர்கள் நன்கொடை வேண்டி நம் செயற்குழுவை அணுகுவதுண்டு. பெரும்பாலும் அவர்கள் செல்லும் நாடு கம்போடியா. "உள்ளூரில் செய்ய வேண்டிய தொண்டு எவ்வளவோ இருக்க, விமானச் செலவு செய்து அங்கே போகத்தான் வேண்டுமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆசிரியப் பணியில் இருந்தபோது மாணவர் குழுக்களுடன் இருமுறை சியெம் ரீப் மாநிலத்துக் கிராமங்களுக்குச் சென்றவன் என்ற முறையில், அங்கு கண்டதையும் பின்னர் படித்தறிந்ததையும் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சமூக ஈடுபாட்டுத் திட்டம் 1997ஆம் ஆண்டு தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் 'யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட்' என்னும் திட்டம் வந்தபின், இளையர்கள் குழுக்களாக அண்டை நாடுகளுக்குச் சென்று தொண்டாற்றுவது பரவலாயிற்று. கம்போடியாவின் தேவை பெரிது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 இலட்சம் மக்கள் மாண்டனர். ஆசிரியர்களும் மருத்துவர்களும் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். ஒரு தலைமுறையின் கல்வி அழிந்தால், நாடு மீண்டெழப் பல தலைமுறைகள் ஆகும் அல்லவா?

மணல் வடிகட்டி தரும் பாடம்

அங்கே எங்கள் மாணவர்கள் செய்த முக்கிய வேலை, வீடுகளுக்குக் குடிநீர் வடிகட்டி அமைப்பது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள சிமெண்டுப் பெட்டி. அடியில் சரளைக்கல், அதன்மேல் சலித்துக் கழுவிய நுண்மணல். பார்ப்பதற்கு எளிது. ஆனால் நீரைத் தூய்மை செய்வதில் மணலுக்குப் பாதிப் பங்குதான். மணலின் மேல் எப்போதும் 5 சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதன் அடியில் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு படலமாக வளரும். ஊற்றும் நீரில் உள்ள நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியை அழிப்பது அந்தப் படலமே.

வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவியறியாத ஒரு மாணவன், நாள் முழுவதும் மணல் கழுவிவிட்டு, "சார், இந்தத் தண்ணீர் எப்போது நல்ல தண்ணீராகும்?" என்று கேட்டான். கிராமத்துத் தொழிலாளி சிரித்துக்கொண்டே, "நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு" என்றார்.

அது வேடிக்கைப் பேச்சன்று. அந்தப் படலம் முழுமையாக வளர 30 நாள் வரை ஆகலாம். மாணவர்கள் தங்குவதோ பத்து நாள். அதன்பின் நாள்தோறும் நீர் ஊற்றி வரவேண்டும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் நுண்ணுயிர்கள் நலிந்துவிடும். நீர் சொட்டுச் சொட்டாக வந்தால், மேல் மணலை மட்டும் மெல்லக் கலக்கிக் கலங்கல் நீரை அள்ளிக் கொட்ட வேண்டும். வடித்த நீரை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். இவையெல்லாம் அந்த வீட்டுப் பெண்மணிக்குத் தெரிந்திருந்தால் வடிகட்டி பல ஆண்டுகள் உழைக்கும். தெரியாவிட்டால், அது மூலையில் கிடக்கும் சிமெண்டுப் பெட்டி. ஆகவே பெட்டியைக் கட்டுவதைவிட, பயன்படுத்தும் முறையைக் கெமர் மொழியில் கற்றுத் தந்து, சில மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்து பார்க்கும் உள்ளூர் ஆளே முக்கியம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது

குழாய்க் கிணறு தோண்டித் தருவதும் புண்ணியம் என்றே நினைக்கிறோம். ஆனால் மேக்கோங் ஆற்றுப் படுகையில், குறிப்பாகக் கண்டால் மாநிலத்தில், பல கிணறுகளின் நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இயற்கையாகவே கலந்துள்ளது. நிறமும் இல்லை, சுவையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. மேலே சொன்ன சாதாரண மணல் வடிகட்டியும் அதை நீக்காது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோல் நோயும் புற்றுநோயும் வரும். நீரைச் சோதிக்காமல் கிணறு வெட்டுவது தர்மமாகாது.

அநாதை இல்லங்களின் கதை இன்னும் வேதனையானது. கம்போடிய அரசின் சமூகநல அமைச்சும் யூனிசெஃப் நிறுவனமும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 2005க்கும் 2010க்கும் இடையே அங்கு இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அங்கிருந்த பிள்ளைகளில் நால்வரில் ஏறத்தாழ மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர்! வெளிநாட்டார் வந்து பரிசும் பணமும் தருவதால், வறுமையில் வாடும் பெற்றோர், படிப்பு கிடைக்கும் என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பிவிடுகின்றனர். பத்து நாள் கொஞ்சி விளையாடிவிட்டு நாம் விமானம் ஏறுகிறோம். அடுத்த குழு வருகிறது. பிரிவையே பழகிக்கொள்ளும் அந்தப் பிஞ்சு மனம் என்னாகும்? இல்லத்துக்குத் தரும் பணம் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பிள்ளை தாயிடமே வளரும். பக்கத்துப் பள்ளியில் படிக்கும்.

கொடுக்குமுன் கேட்போம்

எனவே பெற்றோருக்கும் நன்கொடையாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது. கடிதம் கொண்டுவரும் மாணவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த வேலையைக் கேட்டது அந்தக் கிராமமா, நீங்களே தீர்மானித்ததா? உள்ளூர்க் கொத்தனாரும் சாயம் பூசுபவரும் செய்து கூலி பெறக்கூடிய வேலையா? நீங்கள் திரும்பிய பின் பொறுப்பேற்பவர் யார்? பிள்ளைகள் தங்கும் இல்லத்துக்குப் போகிறீர்களா, போவதானால் எதற்காக?

விடை தெளிவாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். தெளிவாக இல்லையென்றால் கடிந்துகொள்ள வேண்டாம். விசாரித்து வரும்படி அனுப்புங்கள். அந்த விசாரிப்பே நல்ல கல்வி. உள்ளூர்த் தொண்டா வெளியூர்த் தொண்டா என்பதில் எனக்கு வழக்கில்லை. அங்கே மணல் கழுவிய கைகள், திரும்பி வந்தபின் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வாரந்தோறும் சோறு பரிமாறுமானால், பயணச் செலவு வீண்போகவில்லை என்றே கொள்ளலாம்.