ஆண்டாளின் எண்ணெய்க்காப்பும் இல்லத்துத் தைலமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி நீராட்டு உற்சவத்தின்போது, திருமுக்குளக் கரையிலுள்ள நீராட்டு மண்டபத்தில் எழுந்தருளும் ஆண்டாள் நாச்சியாருக்கு எண்ணெய்க்காப்பு நடைபெறுகிறது. திருக்குழலைச் சிக்கெடுத்து வாரி, தைலம் சாற்றிய பின்னரே திருமஞ்சனம். நல்லெண்ணெய், பசும்பால், நெல்லிக்காய், தாழம்பூ உள்ளிட்ட 61 வகைப் பொருட்கள் இத்தைலத்தில் சேர்வதாகக் கோயில் மரபு கூறும். பல நாட்கள் பக்குவமாகக் காய்ச்சப்படும் இத்தைலத்தைப் பக்தர்கள் பிரசாதமாகப் பெற்றுப் போற்றுகின்றனர்.

இதில் இல்லத்தாருக்கும் ஒரு பாடம் உண்டு. மூலிகை எத்தனை வீரியம் உடையதாயினும், நல்லெண்ணெயில் கலந்து அடங்கிய பின்னரே திருமேனியைத் தீண்டுகிறது.

இன்று முழங்கால் வலிக்கும் உறக்கமின்மைக்கும் பெரியோர் பலர் நாடும் வாசனைத் தைலங்கள் வேறு வகையின. வெட்டிவேர், எலுமிச்சம்புல், யூகலிப்டஸ் ஆகியவற்றை ஆவியில் வடித்தெடுத்த சாரம் அவை. கூடை நிறைய இலையின் வீரியம் ஒரு சிறு குப்பிக்குள் அடங்கியிருக்கும். அதனை அப்படியே பூசினால் முதுமையில் மெலிந்த தோல் எரிந்து தடிக்கும். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி நல்லெண்ணெய்க்கு ஐந்தாறு துளிகளே போதும். முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் நலம்.

தேய்ப்பதிலும் நிதானம் வேண்டும். இளஞ்சூடான எண்ணெயை மெல்ல நீவினால் தசையின் இறுக்கம் தளரும், மனமும் அமைதியுறும். ஆயினும் இது வலிக்கு ஆறுதலேயன்றி, மூட்டுத் தேய்மானத்தை மாற்றும் மருந்தன்று. மருத்துவர் தந்த மாத்திரைகளை இதன்பொருட்டு நிறுத்தலாகாது. கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சிவந்து வலித்தால் தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; அது இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் எண்ணெயின் சூட்டைப் பிறர் கையால் சோதித்தறிவது அவசியம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள், வலித் தைலம் எதையும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். தேய்த்து முடித்ததும் உள்ளங்காலை நன்கு துடைத்த பிறகே எழுந்து நடக்க வேண்டும். எண்ணெய்க் காலோடு வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயம் உண்டு.

அனைத்திலும் முக்கியமானது பேரக்குழந்தைகளின் பாதுகாப்பு. சளிக்கென்று கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரமோ யூகலிப்டஸ் தைலமோ தடவுவது பாட்டிமார் சிலரின் வழக்கம். அது மூச்சைத் திணறச் செய்யும். குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். எனவே பூஜை அலமாரியின் கற்பூரமும் தைலக் குப்பியும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நாச்சியாருக்குக் காப்பிடும் கைகளில் அவசரம் இல்லை. அளவு உண்டு, அன்பு உண்டு. முதியவரின் காலை நீவும் மகனுக்கும் மருமகளுக்கும் அவ்விரண்டும் வாய்த்தால், அதுவும் ஒரு கைங்கரியமே.