ஈற்றுக்கால ஆட்டுக்கொட்டில்: செயலும் சொல்லும்

பூச்சோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் குடியிருப்புகளாகிவிட்டன. அவற்றோடு தோட்டத் தமிழரின் ஆட்டுக்கொட்டில்களும் அருகின. அவர்தம் ஈற்றுக்கால ஆயத்தம் தெளிந்த அறிவு சார்ந்ததாகும்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். இறுதி ஆறு வாரங்களில் கரு விரைந்து வளர்வதால் சத்துள்ள தீவனத்தைக் கூட்டல் வேண்டும். மழைமிகுந்த இந்நாட்டில் ஈரம் தாக்காதவாறு கொட்டிலைப் பரண்மேல் அமைப்பர். பலகை இடுக்கில் குட்டியின் கால் சிக்காதபடி ஈனும் மூலையில் உலர்புல் பரப்புதல் நன்று. குட்டி ஈன்றதும் தொப்புளுக்கு அயோடின் இடுதல் வேண்டும். நோயெதிர்ப்பாற்றல் சீம்பால் வழியே கிடைப்பதால், முதல் ஓரிரு மணிநேரத்திலேயே அதனை ஊட்டுதல் இன்றியமையாதது. தாமதம் உயிரிழப்பாக முடியலாம்.

சினை, ஈற்று, சீம்பால் என்பன இச்செயலோடு வாழும் சொற்கள். தொல்காப்பிய மரபியல் ஆட்டின் இளமைப்பெயராகக் கூறும் ‘மறி’, செம்மறி என்னும் சொல்லில் இன்றும் நிலைத்துள்ளது. கொட்டிலறிந்த முதியோரிடமிருந்து இத்தகைய சொற்களை மாணவர் தொகுக்குமாறு ஆசிரியர் வழிகாட்டல் வேண்டும்.