வெற்றியின் வாயிலில் விடைபெற்ற வீரர்

‘எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போடலாம். கை பிசகினால் நீவிச் சரிசெய்யலாம். தலைக்குள் அடிபட்டால் என்ன செய்வது? இவ்வினாவிற்கு விடை தேடிய ஓர் இளைஞர், தமக்காகத் திறந்து நின்ற புகழின் கதவைத் தம் கையாலேயே சாத்திவிட்டு வெளியேறினார். அவர் பெயர் கிறிஸ் போர்லண்ட். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 24. தொழில்முறை வீரராக அவர் ஆடியது ஒரே ஒரு பருவம்தான்.

அமெரிக்கக் கால்பந்து

பெயர் கால்பந்து என்றிருந்தாலும், அது நாம் காலால் உதைத்தாடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் மிகுதி. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பந்தோடு வருபவரை எதிரணியினர் மறித்துத் தரையில் வீழ்த்த வேண்டும். நம் கபடியில் பாடி வருபவரை மடக்கிப் பிடிப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். அதை நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் முழு வேகத்தில் ஓடி வந்து மோதிச் செய்தால் எப்படியிருக்கும்? அதுதான் அந்த ஆட்டம். தலைக்கவசமும் தோள்மெத்தையும் அணியாமல் எவரும் களம் இறங்குவதில்லை.

போர்லண்ட் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றவர். அங்கு ஆடிய காலத்திலேயே தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் எனப் பெயர் பெற்றார். 2014இல் சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே நூறு தடவைக்கு மேல் எதிரணியினரை மடக்கி வீழ்த்தி ரசிகர்களை வியக்க வைத்தார். அதே அணியின் புகழ்பெற்ற வீரர் பேட்ரிக் வில்லிஸ் 2015 மார்ச் மாதத்தில் கால் காயங்களால் ஓய்வு பெற்றார். அவரது இடம் போர்லண்டுக்கே என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். ஒரு வாரத்திற்குள் போர்லண்டும் விடைபெற்றார்!

அவர் நோயாளி அல்லர். படுக்கையில் கிடந்தவரும் அல்லர். அதற்கு முன் அவருக்கு மருத்துவர் கண்டறிந்த மூளை அதிர்ச்சி இரண்டே தடவைதான். இரண்டும் பள்ளிப் பருவத்தில் நேர்ந்தவை. ஆனால் 2014ஆம் ஆண்டுப் பயிற்சி முகாமில் ஒரு மோதலில் தலை கலங்கியது. அணியில் இடம்பிடிக்க வேண்டுமே என்று அதை வெளியில் சொல்லாமல் தொடர்ந்து ஆடினார். பின்னர் தாம் செய்வது சரிதானா என்ற ஐயம் எழுந்தது. நூல்களைப் படித்தார், ஆய்வாளர்களையும் முன்னாள் வீரர்களையும் கேட்டறிந்தார், அதன் பிறகே முடிவெடுத்தார்.

தலைக்குள் நடப்பது என்ன?

முற்றி உலர்ந்த தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினால், உள்ளே கொப்பரை ஓட்டில் இடிபடும் ஓசை கேட்கும். மண்டையோட்டிற்குள் நம் மூளையும் ஏறக்குறைய அவ்வாறே ஒரு திரவத்தில் மிதந்து கொண்டிருக்கிறது. ஆனால் அது கொப்பரையைப் போல் கெட்டியானதன்று, மிக மென்மையானது. ஓடும் பேருந்து திடீரென நின்றால் உள்ளே நிற்பவர் முன்னால் சாய்வது போல, ஓடும் தலை திடீரென நின்றால் மூளை தொடர்ந்து நகர்கிறது; முறுக்கப்படுகிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. தலைக்கவசம் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் நிறுத்த இயலாது.

இத்தகைய அடிகள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், சிலருக்கு ‘டௌ’ என்னும் புரதம் உருமாறி மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றிப் படிகிறது. மறதி, சினம், மனச்சோர்வு, இறுதியில் அறிவுத் தேய்வு ஆகியவை பல ஆண்டுகள் கழித்துத் தோன்றுகின்றன. இந்நோயை ஆங்கிலச் சுருக்கத்தில் ‘சி.டி.இ.’ என்பர். பெரிய அடிகள் மட்டுமன்றி, மயக்கமோ வலியோ தராத சிறு அடிகளும் பல்லாயிரமாகச் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன. உயிரோடிருப்பவரிடம் இந்நோயை உறுதி செய்ய இன்றும் வழியில்லை. இறந்தபின் மூளையை அறுத்து ஆராய்ந்தால்தான் தெரியும்.

உண்மை வெளிவந்த கதை

குத்துச்சண்டை வீரர்களுக்கு இத்தகைய கேடு நேர்வதை 1928ஆம் ஆண்டிலேயே மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதினார். கால்பந்து வீரர்களைப் பற்றி நெடுங்காலம் எவரும் கவலைப்படவில்லை. நான்கு தடவை வாகை சூடிய பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர், மனம் குலைந்து, வறுமையுற்று, 2002இல் தமது ஐம்பதாம் வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த பென்னெட் ஒமாலு என்னும் மருத்துவர். அவருடைய கட்டுரை 2005இல் வெளிவந்தது. ஆட்டக் கழகத்தின் மருத்துவக் குழுவினர் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினர்! கழகத்தின் உயர் அலுவலர் ஒருவர் இவ்வாட்டத்திற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016ஆம் ஆண்டில்தான்.

2017இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், இறந்துபோன 111 தொழில்முறை வீரர்களின் மூளைகளுள் 110இல் இந்நோய் காணப்பட்டது. எனினும் அவை பெரும்பாலும் ஐயமுற்ற குடும்பத்தார் மனமுவந்து அளித்தவை. ஆகவே ஆடுவோர் அனைவருக்கும் இந்நோய் வரும் என்று இதனைக் கொண்டு கூறிவிட முடியாது.

போர்லண்டின் முன் நின்ற சிக்கலும் இதுவே. நோய் வருமா, வராதா? எவராலும் சொல்ல முடியாது. வந்தபின் தெரிந்துகொள்ளலாம் என்றால், அப்போது திரும்பும் வழியில்லை. நான்காண்டுகளுக்குச் சுமார் 30 இலட்சம் டாலர் ஒப்பந்தம் கையில் இருந்தது. அதை விட்டார். ஒப்பந்தத்தின்போது முன்பணமாகப் பெற்ற ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட டாலரில், ஆடிய ஓராண்டுக்குரிய கால்பங்கைத் தவிர எஞ்சிய முக்கால் பங்கைத் திருப்பித் தந்தார். அவரைக் கோழை என்றவர்களும் உண்டு. எதிரே பாய்ந்து வரும் வீரனைக் கண்டு அஞ்சாதவர், உண்மையைக் கண்டபின் அதை மறைத்து வாழத்தான் அஞ்சினார். அதைக் கோழைமை என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

நம் கால்பந்தாட்டம்

இது கடல் கடந்த கதைதானே என்று நாம் இருந்துவிட இயலாது. பந்தைத் தலையால் முட்டுவதில் வல்லவராயிருந்த இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் தம் 59ஆம் வயதில் இறந்தார். பந்தை முட்டியதால் விளைந்த தொழில்வழி நோய் என்பதே விசாரணையின் முடிவு. 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைத் தேய்வு நோய்களால் இறப்பது மற்றவரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு எனக் கண்டனர். இதய நோயால் இறப்பது குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எனவே ஆட்டம் உடலுக்கு நன்மை தருவதே. பந்தை அரிதாகவே தலையால் முட்டும் கோல்காப்பாளரிடம் மூளை நோய் மிகுதியாக இல்லை என்பது 2021இல் தெரியவந்தது. குறை எங்கே உள்ளது என்பது இதனால் விளங்கும். அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் (நம் வகை ஆட்டத்திற்கானது) பத்து வயதும் அதற்குக் குறைந்தும் உள்ள சிறுவர் பந்தைத் தலையால் முட்டக் கூடாதென 2015இல் விதித்தது.

ஆகவே, நண்பர்களே! ஆடுங்கள், ஆடுவதை விடாதீர்கள். ஆனால் மோதலில் தலை கலங்கினாலோ, குமட்டல் எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ, எந்தப் பக்கம் கோல் என்பதே மறந்தாலோ, உடனே களத்தை விட்டு வெளியேறி மருத்துவரைப் பாருங்கள். அன்று மீண்டும் ஆடக் கூடாது. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாம் அடி உயிருக்கே உலை வைக்கக்கூடும். அடிபட்டதை மறைத்து ஆடுபவரைக் கைதட்டிப் புகழும் வழக்கத்தைப் பார்வையாளர்களாகிய நாமும் விட்டொழிக்க வேண்டும். அந்தக் கைதட்டலுக்காகவே பலர் வலியை மறைக்கின்றனர். கோப்பைகள் ஆண்டுதோறும் வரும். மூளையோ ஒருவருக்கு ஒன்றே.