கதவு எச்சரிக்கை மணி

கதவு எச்சரிக்கை மணி என்பது மூடிய கதவு திறக்கப்பட்டால் ஒலி எழுப்பும் சிறு கருவி. பேச்சு வழக்கில் கதவு அலாரம். மின்கலத்தில் இயங்கும் இத்தகைய கருவிக்கு அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் 1853 இல் காப்புரிமை பெற்றார்.

கொங்கு நாட்டு விவசாயிகள் பலர் ஊரை விட்டு விலகித் தோட்டத்துச் சாளைகளில் வாழ்கின்றனர். பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் 2024 நவம்பரில் ஒரே குடும்பத்தின் மூவரும், சிவகிரி அருகே 2025 இல் முதிய தம்பதியும் கொல்லப்பட்டபின் இவ்வீடுகளின் பாதுகாப்பு பெரும் பேச்சானது.

கருவி இரு பகுதிகளால் ஆனது. வீட்டின் உட்புறமாக, காந்தம் கதவிலும், மின்கலமும் ஒலிப்பானும் உள்ள பெட்டி நிலைச்சட்டத்திலும் ஒட்டப்படும். பெட்டிக்குள் கண்ணாடிக் குழலில் உள்ள இரு மெல்லிய தகடுகள், காந்தம் அருகிலிருக்கும்வரை சேர்ந்திருக்கும். அது விலகினால் பிரியும், மணி ஒலிக்கும். கதவு மூடியிருக்கையில் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இரட்டைக் கதவென்றால் முதலில் திறக்கும் கதவில்தான் காந்தம் இருக்க வேண்டும். இரும்புக் கதவு காந்தப்புலத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இடையில் மரத்துண்டு வைத்து ஒட்டலாம்.

மின்வெட்டிலும் இயங்குவது இதன் பலம். மின்கலம் தீர்ந்தால் பல கருவிகள் அறிவிப்பின்றி ஓய்ந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை கதவைத் திறந்து சோதிக்க வேண்டும்.

இது உறங்குபவரை எழுப்பும், அவ்வளவே. அடுத்த சாளை தொலைவில் இருந்தால் ஒலி அங்கே எட்டாது. மணி ஒலித்தால் வெளியே வந்து பார்க்காமல், படுக்கையறையைத் தாழிட்டு 112 ஐ அழைக்க வேண்டும். அதற்குக் கைப்பேசி தலைமாட்டில் இருக்க வேண்டும்.